படத்தில் இல்லாத வயர்

எலிதான் ஆரம்பித்து வைத்தது.
பனிக்காலம் முழுக்க டேஷ்போர்டுக்குள் குடித்தனம் நடத்தி
ஹெட்லைட்டுக்குப் போகும் வயரை உரித்துத் தின்றுவிட்டு
செம்பை மட்டும் ஒதுக்கி வைத்திருந்தது,
மீனைத் தின்று முள்ளை வைத்தாற்போல.

எழுபத்தெட்டாம் வருஷத்து பிக்கப்.
எமரி டேவ்ஸ் போன அக்டோபரில் செத்தபிறகு
ஏலத்தில் எடுத்தோம். அறுநூறு டாலர்,
கூடவே ஒரு வாளி துருப்பிடித்த ஆணி.
சஸ்காச்சுவானில் மார்ச் என்பது வெறும் பெயர்;
கொட்டகைக்குள்ளேயே மைனஸ் பதினொன்று.
ஹேர் டிரையரைக் காட்டினால்தான்
கனெக்டர்கள் பிடியை விடுகின்றன.

லைலுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று.
கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷமாக
நான் எதை உடுத்திக்கொண்டு வந்து நின்றாலும்
"நல்லாருக்கு ஓரிசியா" என்கிறான்.
ஆகவே அவன் டார்ச் பிடிக்கிறான்,
நான் ஸ்டியரிங்குக்கு அடியில் தலைகீழாகக் கிடந்து
நிறம் வாசிக்கிறேன்.
பழுப்பு. பழுப்பில் வெள்ளைக் கோடு.
ஒரு காலத்தில் ஆரஞ்சாக இருந்த ஏதோ ஒன்று.
அவன் காகிதத் துண்டில் எண் எழுதி ஒட்டுகிறான்.

மாலைக்குள் மொத்தத்தையும் உருவி எடுத்து
சிமென்ட் தரையில் அது இருந்த வாக்கிலேயே விரித்தோம்.
தகரம் இல்லை, சக்கரம் இல்லை,
ஆனாலும் அங்கே ஒரு வண்டி படுத்திருந்தது.
பூனை வந்து முகர்ந்து பார்த்து
சரியாக எஞ்சின் இருக்கவேண்டிய இடத்தில் சுருண்டுகொண்டது.

டேவ்ஸின் கைவேலை அப்போதுதான் தெரிந்தது.
முறுக்கிவிட்டு டேப். அதன்மேல் இன்னொரு டேப்.
ஒரு முடிச்சில் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரி.
ஃபியூஸ் இருக்கவேண்டிய இடத்தில்
சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள்.
"புகையே தொடாத மனுஷனாச்சே" என்றான் லைல்.
ஆமாம். அடக்கத்தன்று பாதிரியாரும் அதைத்தான் சொன்னார்.

பிறகு அந்தச் சாம்பல் நிற வயர்.
வரைபடத்தில் அது இல்லை.
மூன்றுமுறை பார்த்தேன், கண்ணாடி மாற்றியும் பார்த்தேன்.
பின்பக்கம் போகும் கற்றையிலிருந்து நைசாகப் பிரிந்து
மிதியடிக்குக் கீழே பதுங்கி
ஓட்டுகிறவர் சீட்டுக்கடியில் ஒரு சின்ன ஸ்விட்சில் முடிகிறது.
அதைத் தட்டினால்
பின்விளக்கு, பிரேக் லைட்,
கதவைத் திறந்தால் எரியும் குட்டி பல்பு
எல்லாம் அணைந்துவிடும். வண்டி மட்டும் போகும்.

"மான் வேட்டையா இருக்கும், ராத்திரியில" என்றான் லைல்.
இருக்கலாம்.
நான் அந்த இணைப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
வண்டி முழுக்கப் பிளாஸ்திரி ஒட்டிய ஆள்
இதற்கு மட்டும் நிதானமாக சால்டர் வைத்திருக்கிறார்.
ஒரு பிசிறு இல்லை. மேலே ரப்பர் உறை வேறு.
எலிகூட அதைத் தொடவில்லை.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள். எனக்கு இரண்டு நகம் போயிற்று.
புதிய கற்றையில் சாம்பல் வயருக்கு இடமில்லை.
ஸ்விட்சை மட்டும் கழற்றவில்லை;
எதனோடும் சேராமல் சீட்டுக்கடியில் இருக்கிறது.
காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

சாவியைத் திருப்பினேன். புகை வரவில்லை.
லைல் பின்னால் போய் நின்றான்.
"பிரேக்?"
"எரியுது."
"என்ன கலர்?"
"போடி."
இடது சிக்னல் மட்டும் அவசரக்காரன் மாதிரி துடித்தது.
அதற்கு வேறொரு நாள்.

இருட்டியதும் கிழக்குச் சரளைச் சாலையில் ஓட்டிப் பார்த்தோம்.
ஒன்பது மைலுக்கு ஒரே வீடு, இர்மா சாவ்சுக்கினுடையது.
எஞ்சின் சத்தம் மட்டும் பழையது, அதை நாங்கள் தொடவில்லை.
முன்னும் பின்னும் பளீரென்று எரிய
அவள் வேலியை நெருங்கினோம்.

வாசல் விளக்கு பட்டென்று அணைந்தது.

"பல்பு போயிருச்சு போல" என்றான் லைல்.
"வயரிங்கா இருக்கும்" என்றேன்,
வேகத்தைக் குறைக்காமல்.